காலையில் நின்றுபோகும் கடிகாரங்கள்

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலும் சுற்றுவட்டாரத்திலுமாக எட்டுக் கைக்கடிகாரங்களை நான் கெடுத்திருக்கிறேன். கெடுத்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அறுபதுகளில் அதற்கு நான் வைத்திருந்த பெயர் ஓவராயிலிங். யாரும் என்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. கையில் கடிகாரம் கட்டியவர் யாராவது எதிரே வந்தால், குசலம் விசாரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காதருகே கொண்டுபோவேன். லேசாகத் தடுமாறுகிறதே என்று கவலையாகச் சொல்வேன். பாதிப் பேர் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ட்ரேசர் வேலை. மற்றவர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, மையால் கோடு இழுக்க வேண்டும். உன் கை நடுங்குவதே இல்லையே என்று ஒருநாள் மேலதிகாரி சொன்னார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அது தலைக்கேறிவிட்டது. நடுங்காத கையை வைத்துக்கொண்டு வெறும் கோடு இழுத்துக்கொண்டிருப்பதா? பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் செத்துப்போன கடிகாரங்கள் நாலைந்தும், அட்டை பிய்ந்த ஓர் ஆங்கிலப் புத்தகமும் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு போயின.

எங்களுக்கு இருந்தது ஒரு அறையும் சமையலறையும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி வயலின் வாசிப்பாள். வாசிப்பாள் என்றால் கொலுவுக்கு வாசிக்கிற வாசிப்பு இல்லை, தினமும் மூன்று மணி நேரம் சாதகம். ஜன்னல் பக்கம் அவளுடைய பாய், சுவரோரம் என் பலகை. நடுவில் கொடியில் துணி உலரும்.

என் ஆயுதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவற்றின் மேல் எனக்கு இன்னும் கர்வம் உண்டு. உடைந்த குடைக்கம்பியை அரம்போட்டுத் தீட்டி ஸ்க்ரூ டிரைவர்கள் செய்தேன். தையல் ஊசியின் முனையைத் தட்டையாக அடித்து, மூங்கில் குச்சியில் செருகினால் எண்ணெய் வைக்கிற கருவி. கடிகாரத்துக்குள் சக்கரங்களின் அச்சுமுனைகள் சிவப்புக் கற்களின் துளைகளில் உட்கார்ந்து சுற்றும். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்ய ஒருவித மரக்குச்சியைப் புத்தகம் சொல்லிற்று. நான் வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவிக் கூராக்கினேன். அதைவிட நல்ல குச்சி எங்கும் கிடையாது. வீடு பெருக்க முடியாமல் விளக்குமாறு மெலிந்துகொண்டே போவதாக மனைவி சொன்னது வேறு விஷயம்.

கழற்றிய பாகங்களை ஒரு தட்டில் முறுக்குச் சுற்று மாதிரி வெளியிலிருந்து உள்ளே அடுக்கிக்கொண்டு போவேன். திரும்ப மாட்டும்போது உள்ளேயிருந்து வெளியே வந்தால் போதும். மேலே தூசி விழாமல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைப்பேன். துள்ளிக் குதிக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகளைப் பிடிக்க ஒரு பழைய வேட்டியின் ஓரத்தைப் பலகையில் ஆணியடித்து, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொள்வேன். விழுவதெல்லாம் மடியில் விழும். ஒருநாள் மனைவி காப்பி என்று கூப்பிட்டதும் கட்டியிருப்பதை மறந்து எழுந்துவிட்டேன். ஒரு முழுக் கடிகாரம் சமையலறை வரை பறந்தது. கடைசி ஸ்க்ரூ அடுத்த வாரம் வத்தக்குழம்பில் கிடைத்தது.

எல்லாம் சரியாக வந்தது, எண்ணெய் ஒன்றைத் தவிர. கடிகாரத்துக்கென்று தனி எண்ணெய் சீமையிலிருந்து வரவேண்டும், அந்த நாளில் அது கண்ணில் படாது. முடியாதவர்களுக்குப் புத்தகம் ஒரு வழி சொல்லியிருந்தது. ஆலிவ் எண்ணெயில் ஈயத் துண்டுகளைப் போட்டு ஒரு மாதம் வெயிலில் வைத்து, மேலே தெளிவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் விரலளவு பாட்டிலில், யார் காலத்திலோ வாங்கி வைத்ததாகக் கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது. புத்தகம் எழுதினவன் அவனுக்குப் பக்கத்தில் விளைகிற எண்ணெயைச் சொல்லியிருக்கிறான், நாம் நம் பக்கத்தில் விளைகிறதைப் போட்டால் என்ன? மனைவியிடம் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினேன். ஈயம் போட்டு, பஞ்சில் வடிகட்டி, அக்டோபர் வெயிலில் ஒரு மாதம் ஜன்னலில் வைத்தேன். தண்ணீராகத் தெளிந்தது. அந்த எண்ணெயைத்தான் நவம்பர் முழுவதும் எட்டுக் கடிகாரங்களுக்கு விட்டேன்.

எட்டில் ஒன்று என் மனைவியுடையது. அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது, நாலணாக் காசு அகலம்கூட இல்லை. இன்னொன்று தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான், தகரப் பெட்டிகளுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் கடைந்து கொடுப்பார். ஈயத் துண்டுக்காக அவரிடம் போனவன், திரும்பும்போது அவர் கடிகாரத்தோடு வந்தேன். என் வலையில் விழாதவர் கீழ்வீட்டு மாமி ஒருவர்தான். அவரிடம் ஒரு அலாரம் டைம்பீஸ் இருந்தது. முதலில் உன் ஆம்படையாளோடது ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டார்.

டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: காலையில் எழுந்து பார்த்தால் நின்றிருக்கிறது. வாங்கிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் உள்ளங்கையில், குதிரை மாதிரி ஓடும். நன்றாகச் சாவி கொடுத்துவிட்டுப் படுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவைப்பேன். பாயும் வந்தார். அவருக்கு அது ரமலான் மாதம்.

"சாமி, நோன்பு வைக்க எந்திச்சா வாட்ச் நிக்குது. பட்டறைல லேத்து முன்னால அரை மணி நின்னா அதுவாட்டுக்கு ஓடுது. சாவி கொடுக்கலன்னு சும்மா காலிபீலி என்னையச் சொல்லாதீய."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். லேத் மோட்டாரின் சூட்டையே கையில் எடுத்துக் கொடுத்தார் மனிதர். நான் என்ன செய்தேன்? உங்கள் வாட்ச் லேத்தைக் கண்டால் பயந்து ஓடுகிறது என்று கேலி பேசினேன். அதோடு எனக்கு ஒரு பெரிய சாட்சி வேறு இருந்தது. என் மனைவியின் கடிகாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. தூங்கும்போதும் அவள் அதைக் கழற்றமாட்டாள்.

ஆனாலும் ஏழு பேர் பொய் சொல்லமாட்டார்களே. யோசித்து யோசித்து, அச்சுமுனைகள் தேய்ந்திருக்கின்றன என்று முடிவு கட்டினேன். அப்படியானால் புது அச்சு கடைய வேண்டும். அரைவாசி அரிசி நீளம், தலைமயிர் கனத்தில் முனை. பாயின் லேத்தில் அதைக் கடைய முடியாது. அது எங்கள் சமையலறை நீளம். அவர் சிரித்துவிட்டு, மிச்சப் பித்தளையில் ஒரு சாண் நீளத்துக்குக் குட்டி லேத் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதற்கு மோட்டார் கிடையாது. இரண்டு கூரான முனைகளுக்கு நடுவே எஃகுத் துண்டு நிற்கும். அதில் ஒரு சின்ன உருளையை மாட்டி, உருளையை ஒரு நாணால் சுற்றி, வில்லை மேலும் கீழும் இழுக்க வேண்டும். வில் கீழே வரும்போது உளியை வைக்கணும், மேலே போகும்போது எடுத்துவிடணும். இடது கை வில், வலது கை உளி, ஒரு கண்ணில் லென்ஸ். மூச்சு விட்டால் முனை ஒடியும்.

நாணுக்கு நூல் கட்டினேன், பிய்ந்தது. நைலான் வழுக்கியது. குதிரைமயிர்தான் உத்தமம் என்றது புத்தகம். பம்பாயில் குதிரைக்குப் பின்னால் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை. வீட்டிலேயே, மூன்றடி தூரத்தில், வயலின் வில்லில் நூற்றுக்கணக்கில் குதிரைமயிர் இருந்தது. ஒன்று எடுத்தேன். அது அறுந்ததும் இன்னொன்று. நான் மனசாட்சி உள்ளவன், ஒரே பக்கமாக எடுக்காமல் பரவலாகத்தான் எடுத்தேன். வில் இப்படி முடி கொட்டுகிறதே, உங்கள் தலைக்கு வந்த வியாதி அதற்கும் ஒட்டிக்கொண்டதோ என்று அவள் ஒருநாள் கேட்டாள். கடல்காற்றாக இருக்கும் என்றேன்.

இந்த நேரத்தில்தான் வானொலி நிலையத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ஜனவரி கடைசி வாரம், ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குரல் தேர்வு மாதிரி வாசிப்புத் தேர்வு. அதில் தேறினால் வானொலியில் வாசிக்கலாம். எட்டு வயதில் வில்லைப் பிடித்ததிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது. மனு போட்டு இரண்டு வருஷம் காத்திருந்தாள். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அன்றிலிருந்து நாலு மணி நேரம் சாதகம் செய்தாள்.

புதன்கிழமை நான் வழக்கம்போல் ஏழு மணிக்கு அம்பர்நாத் வண்டியைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறாள். நல்ல குளிர், ஜன்னல் திறந்திருந்தது. குளித்து, உடுத்தி, கடிகாரத்தைக் கிளம்பும்போது கட்டிக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டு, ஸ்ருதி சேர்த்து, கடைசியாக ஒருமுறை வர்ணத்தை வாசித்துப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். மணி ஏழு ஐம்பது. எட்டே காலுக்குக் கிளம்பினால் போதும். வாசித்து முடித்துப் பார்த்தாள், ஏழு ஐம்பது. இன்று விரல் இப்படி ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு, இன்னொன்று எடுத்தாள். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணி அடித்தபோதும் கடிகாரத்தில் ஏழு ஐம்பதுதான்.

வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சர்ச்கேட்டில் இறங்கி, மூச்சிரைக்க அவள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி ஆகப்போகிறது. பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று, மறுபடி கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தை என் முன்னால் வைத்தாள். அது டிக் டிக் என்று சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சாவி குடுத்தியோ?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு நாள் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. தட்டு, டம்ளர், குழாய்த் தண்ணீர் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் அழவும் இல்லை.

வெள்ளிக்கிழமை குடியரசு தினம், எனக்கு விடுமுறை. காலையில் அவள் எண்ணெய்க் குளியலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ராத்திரி முழுக்க ஜன்னலில் கிடந்த கடிகாரம் மேடைமேல் இருந்தது, நின்றுபோயிருந்தது. பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டில். எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது. ஒரு பாத்திரத்து வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினாள், அந்தப் பாத்திரத்தின் விளிம்பை ஒட்டினாற்போல் ஒரு துணியில் கடிகாரத்தை வைத்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்ணெய் ஓரத்தில் இளகிற்று, நடுவிலிருந்த கட்டி மெல்ல வழுக்கி மிதந்தது. விநாடி முள் ஒரு தரம் உதறிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

"ஏன்னா, உங்க வாட்சும் என் எண்ணெயும் ஒரே நேரத்துலதான் எழுந்துக்கறதுகள்."

நான் பம்பாய்க்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் தலைக்கு வைக்கிற எண்ணெய் உறைவதைப் பார்த்தவன்தான். ஆனால் ஈயம் போட்டு, வடிகட்டி, ஒரு மாதம் காவல் இருந்த பிறகு அது எனக்குத் தேங்காய் எண்ணெயாகத் தோன்றவே இல்லை. என் ஆயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு கடிகாரமும் ஏழு பேர் வீட்டில் விடியற்காலையில் விறைத்துக் கிடந்ததை அப்போதுதான் என் மனக்கண்ணால் பார்த்தேன். ஒரு அச்சுமுனையும் தேயவில்லை. குட்டி லேத்துக்கு வேலையே இருந்திருக்கவில்லை.

லேத் ஞாபகம் அவளுக்கும் வந்துவிட்டது. நேராக என் பலகைக்குப் போய், மூங்கில் வில்லை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நாணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கடல்காத்து நம்மாத்துலயே இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். எண்ணெய்க்கு ஒன்று, மயிருக்கு ஒன்று, சாவி கொடுத்தாயா என்று கேட்டதற்கு ஒன்று. மூன்றாவதற்குத்தான் அவள் கண் கலங்கியது. அடுத்த தேர்வு வந்தால் நான் கூடவே வருகிறேன் என்றேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளப் போய்விட்டாள்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "சாமி, அது தாளிக்கதுக்கு உள்ள எண்ணெய்லா" என்று மட்டும் சொன்னார். மறு மாதமே, கப்பலில் வேலை பார்த்த தன் மச்சான் மூலம் கண்ணாடிக் குப்பியில் அசல் கடிகார எண்ணெய் வரவழைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வீடாகப் போய்க் கடிகாரங்களைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் அவரவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தார். இன்னொருவர் அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கினார். இந்த ஊர் சீதோஷ்ணத்துக்கு வாட்ச் அப்படித்தான் இருக்கும் என்று என்னிடமே விளக்கினார்கள். நானும் ஆமாம் போட்டேன். பெட்ரோலில் கழுவி, ஈர்க்குச்சியால் துளைதுளையாகத் துடைத்து, புது எண்ணெய் வைத்து எட்டையும் முடிக்க மார்ச் ஆகிவிட்டது.

வில்லுக்கு முறையாகப் புதுமயிர் போட்டுக் கொடுத்தேன். குட்டி லேத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதில் அவள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் குமிழ் ஒன்றைக் கடைந்தேன், பழையது மிகவும் சிறியது என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். நான் வில் இழுப்பதை அவள் ஜன்னலோரப் பாயிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மணிக்கட்டை இறுக்காதீர்கள், முழங்கையிலிருந்து இழுங்கள் என்றாள். அப்படி இழுத்ததும் உளி அதிராமல் வெட்டியது. குமிழ் நன்றாக வந்தது. அதை அவள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை மழையில் இரண்டாவது கடிதம் வந்தது. நான் லீவு போட்டேன். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நனைந்தபடி வாசலில் நின்றோம். தேறிவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் என் கணக்கு தீரவில்லை. கடிகாரம் அன்று வீட்டில் இருந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்து அது ஓடியிருந்தாலும் அதில் பெருமை இல்லை, ஜூலையில் தேங்காய் எண்ணெயும் ஓடும்.

டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவளுடைய முதல் நிகழ்ச்சி. நேரடி ஒலிபரப்பு; ஒரு நிமிஷம் தாமதித்தால் போயிற்று. நானும் வருகிறேன் என்றேன். நீங்கள் கீழ்வீட்டு ரேடியோவில் கேட்டுச் சொல்லுங்கள், யாராவது கேட்க வேண்டாமா என்று சொல்லிவிட்டாள். முதல்நாளே கடிகாரத்துக்கு அந்தப் புதுக் குமிழால் சாவி கொடுத்து, ஜன்னல் கட்டையில் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே வைத்தேன். காலையில் அதை எடுத்துக் கட்டிக்கொள்வாள் என்று நம்பினேன். விடியுமுன் அவள் கிளம்பிப்போன பிறகு பார்த்தேன். கடிகாரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏனோ எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, கீழே மாமி வீட்டுக்குப் போனேன். பாட்டிலில் எண்ணெய் கல்லாக இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமி வீட்டு அலமாரியில் டைம்பீஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. கேட்டேன்.

"நேத்திக்கு சாயங்காலமே அவ வாங்கிண்டு போயிட்டாளே. உன்னண்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அலாரம் டைம்பீஸை வயலின் பெட்டியோடு சர்ச்கேட் வரை சுமந்துகொண்டு போயிருக்கிறாள். ஒரு சாவிக்கொத்தின் கனம்கூட இல்லாத கடிகாரத்தை வைத்துவிட்டு.

ரேடியோவில் ஏழு மணி என்றார்கள். என் கையிலிருந்த கடிகாரத்தின் முள்ளும் ஏழில்தான் இருந்தது. பிறகு அவள் பெயரைச் சொன்னார்கள். அந்த வர்ணத்தை நான் நூறு தடவை சுவரோரத்தில் உட்கார்ந்து, காது கொடுக்காமல் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். மாமி எதையோ கேட்டார், நான் ரேடியோப் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

எட்டரைக்கு அவள் படியேறி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ரேடியோவில் எப்படி இருந்தது என்று கேட்டாள். சொல்லத் தெரியாமல் நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொன்னேன். பெட்டியை வைத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து டைம்பீஸை எடுத்தவள், ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். பாட்டிலையும் கடிகாரத்தையும் பழையபடி அங்கேதான் வைத்திருந்தேன். பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள், எண்ணெய் அசையவில்லை. கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினாள்.

வாரைக் கட்டிவிட்டேன்.

டைம்பீஸைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கினாள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள், டைம்பீஸைத் திருப்பிப் பின்பக்கக் குமிழைத் திருகினாள், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தாள். மாமியின் டைம்பீஸைத் தன் கடிகாரத்துக்குச் சரியாக வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டினாள்.